8கே கேமராவுக்குக் கடன் வாங்கலாமா? அதற்கு முன் அந்த 4கே எப்படி உருவாகிறது என்று பாருங்கள்

கேள்வி இதுதான்: கல்யாணம், காதுகுத்து வீடியோக்களும் வாரம் ஒரு யூடியூப் வீடியோவும் எடுக்க முதல் கேமரா வாங்க வேண்டும். ஒரு லட்சத்துக்குள் 4கே கேமரா கிடைக்கிறது. கடன் வாங்கியாவது 6கே, 8கே உள்ளதற்குப் போகலாமா?

போக வேண்டாம். 4கே கட்டாயம் இருக்கட்டும். அதற்கு மேலுள்ள எண்ணுக்காக இப்போதைக்கு ஒரு ரூபாய்கூடக் கூடுதலாகத் தராதீர்கள். ஆனால் பெட்டியில் 4கே என்று அச்சிட்ட இரண்டு கேமராக்கள் ஒரே தரத்தில் படம் தராது. பணம் வீணாவது பெரும்பாலும் அங்கேதான். அதனால் பதிலின் பெரும்பகுதி அதைப் பற்றியே இருக்கும்.

முதலில் கணக்கு. 1080பி என்றால் அகலத்தில் 1920, உயரத்தில் 1080 புள்ளிகள். மொத்தம் சுமார் 20.7 லட்சம். டிவியிலும் யூடியூபிலும் 4கே எனப்படுவது 3840 × 2160, சுமார் 83 லட்சம். 8கே 7680 × 4320, சுமார் 3.3 கோடி. ஒவ்வொரு படியிலும் புள்ளிகள் நான்கு மடங்காகின்றன. கார்டு, கணினி, பேட்டரி எல்லாவற்றின் சுமையும் அதையொட்டித்தான் ஏறுகிறது. கண்ணுக்குத் தெரியும் நுணுக்கமோ அகலத்தில் இரண்டு மடங்குதான்.

அந்த இரண்டு மடங்காவது தெரிகிறதா? கண் மருத்துவர் 6/6 என்று எழுதிக் கொடுக்கும் பார்வை, ஒரு பாகையில் 60-ல் ஒரு பங்கு கோணம் வரை பிரித்துப் பார்க்கும். 55 அங்குல டிவியின் திரை அகலம் சுமார் 122 செ.மீ. அதில் 1080பி ஓடினால் ஒரு புள்ளி 0.63 மி.மீ. அகலம் இருக்கும். சுமார் 2.2 மீட்டருக்கு அப்பால் உட்கார்ந்தால் அந்தப் புள்ளிகளைக் கண் தனித்தனியாகப் பிரிக்காது. 43 அங்குல டிவிக்கு அந்தத் தூரம் 1.7 மீட்டர். அதே 55 அங்குலத்தில் 4கேக்கும் 8கேக்கும் வித்தியாசம் காண வேண்டுமானால் 1.1 மீட்டருக்குள் போய் உட்கார வேண்டும். 6.5 அங்குல மொபைலைப் படுக்கவைத்து 30 செ.மீ. தூரத்தில் பார்த்தால் 1080பியிலேயே கண் பிரிப்பதைவிட அதிகப் புள்ளிகள் இருக்கின்றன. சிலருக்குப் பார்வை இன்னும் கூர்மையாக இருக்கும், எழுத்துகளின் விளிம்பில் வித்தியாசம் கொஞ்சம் முன்னதாகவே தெரியும். அதையெல்லாம் சேர்த்தாலும் கணக்கு பெரிதாக மாறாது.

சினிமாவிலும் இதே நிலைதான். 2010-ல் வந்த ஆரி அலெக்சா என்ற புகழ்பெற்ற சினிமா கேமரா 4கே கேமரா அல்ல. அதன் சென்சார் (ஒளியைப் படமாகப் பதியும் சில்லு) 2.8கே அளவுதான். அதில் எடுத்த படங்கள் உலகெங்கும் பெரிய திரையில் ஓடின. 2கே புரொஜெக்டர் ஓடும் தியேட்டர்கள் இன்றும் ஏராளம். அலெக்சாவை ஒளிப்பதிவாளர்கள் விரும்பியதற்குக் காரணம், வெளிச்சமும் நிழலும் ஒரே ஃபிரேமில் இருந்தாலும் இரண்டையும் காப்பாற்றும் திறனும் தோல் நிறம் வரும் விதமும்தான். சோனியின் சொந்த வரிசையையே பாருங்கள்: 12 மெகாபிக்சல் ஏ7எஸ் 3 அமெரிக்காவில் 3,499 டாலருக்கு அறிமுகமானது, 33 மெகாபிக்சல் ஏ7 4 2,499 டாலருக்கு. புள்ளி குறைவாக உள்ள கேமராவுக்கு வீடியோக்காரர்கள் ஆயிரம் டாலர் கூடுதலாகக் கொடுத்தார்கள். அதன் சென்சார் வேகமாகப் படிக்கும், இருட்டில் நன்றாக வேலை செய்யும், 4கேயில் நொடிக்கு 120 ஃபிரேம் தரும்.

அப்படியானால் 1080பியே போதாதா என்று கேட்கலாம். போதாது. 4கே வேண்டும் என்பதற்குக் காரணம் பார்ப்பவரின் டிவி அல்ல, உங்கள் எடிட்டிங் மேசை.

கல்யாண வீட்டார் இப்போது நீள வீடியோவோடு ரீல்ஸும் கேட்கிறார்கள். படுக்கையாக எடுத்த 4கே ஃபிரேமிலிருந்து முழு உயரத்துக்கு நிற்கும் 9:16 துண்டு வெட்டினால் 1215 × 2160 கிடைக்கும். ரீல்ஸுக்கு வேண்டிய 1080 × 1920 தாராளமாக அதற்குள் அடங்கும். 1080பியில் எடுத்திருந்தால் அதே வெட்டு வெறும் 607 × 1080. மொபைலிலேயே மங்கல் தெரியும். தாலி கட்டும்போது நீங்கள் வைடில் (அகலக் கோணத்தில்) நின்றுவிட்டால், 1080பி டைம்லைனில் 4கே கிளிப்பை 200 சதவீதம் வரை உள்ளே இழுத்துக் குளோசப் போலக் காட்டலாம். கை நடுங்கிய ஷாட்டை மென்பொருளில் நிலைப்படுத்தினால் ஓரங்கள் வெட்டுப்படும். 4கேயில் எடுத்திருந்தால் அந்த இழப்பு தெரியாது.

யூடியூப் காரணமும் உண்டு. 1080பியாக ஏற்றும் சிறிய சேனல்களின் வீடியோவை யூடியூப் பெரும்பாலும் எச்.264 என்ற பழைய முறையில் கடுமையாகச் சுருக்குகிறது. 4கேயாக ஏற்றினால் விபி9 அல்லது ஏவி1 என்ற புதிய முறைகள், கூடுதல் பிட்ரேட்டுடன் (நொடிக்கு அதிக டேட்டா). மரம், தூறல், கூட்டம் போன்ற காட்சிகளில் வித்தியாசம் பளிச்சென்று தெரியும். ஏற்றும்போது 4கே 25 ஃபிரேமுக்கு 35 முதல் 45 எம்பிபிஎஸ் (நொடிக்கு மெகாபிட்) வைக்கச் சொல்கிறது யூடியூப். 1080பியில் எடுத்ததைக்கூட 4கேயாகப் பெரிதாக்கி ஏற்றி இந்தப் பயனைப் பாதியாவது பெறலாம்.

இனி முக்கியமான இடம். 24 மெகாபிக்சல் கேமராவின் சென்சார் 6000 × 4000. அதில் 16:9 பகுதி 6000 × 3375. இதிலிருந்து 3840 × 2160 படம் செய்ய கேமராவுக்கு மூன்று வழிகள் உண்டு. முழு அகலத்தையும் படித்துச் சுருக்குவது ஒன்று; கடைக்காரர்கள் 6கே ஓவர்சாம்ப்ளிங் என்பார்கள். சிறந்தது இதுவே. சென்சாரின் ஒவ்வொரு புள்ளியும் சிவப்பு, பச்சை, நீலத்தில் ஒரே ஒரு நிறத்தைத்தான் பதியும், மீதி இரண்டும் பக்கத்துப் புள்ளிகளைப் பார்த்து ஊகிப்பதே. கூடுதல் புள்ளிகளைப் படித்துச் சுருக்கினால் ஊகம் குறைகிறது, சத்தமும் குறைகிறது. (ஒலியைச் சொல்லவில்லை, படத்தில் பொரியும் புள்ளிகளைத்தான்.)

இரண்டாவது வழி, நடுவில் உள்ள 3840 × 2160 பகுதியை மட்டும் எடுப்பது, அதாவது கிராப். படம் கூர்மையாகத்தான் இருக்கும், ஆனால் லென்ஸின் வைடு போய்விடும். கேனான் எம்50 நல்ல உதாரணம்: 4கே போட்டால், சென்சார் சிறியது என்பதால் ஏற்கெனவே உள்ள 1.6 மடங்கோடு இன்னொரு 1.6 மடங்கு கிராப். கேமராவோடு வரும் கிட் லென்ஸின் 15 மி.மீ., ஃபுல் ஃபிரேம் (பழைய 35 மி.மீ. பிலிம் அளவு சென்சார்) கணக்கில் 38 மி.மீ. ஆகிவிடும். சின்ன மண்டபத்தில் சுவரோடு ஒட்டி நின்றாலும் மேடை முழுதாக அடங்காது. போதாக்குறைக்கு, 4கேயில் அதன் டூயல் பிக்சல் ஆட்டோஃபோகஸும் வேலை செய்யாது. பழைய மார்க்கெட்டில் மலிவாகக் கிடைக்கிறது, பெட்டியில் 4கே என்றும் இருக்கும். உண்மையில் அதை 1080பி கேமரா என்று நினைத்துத்தான் வாங்க வேண்டும். அதற்குப் பின் வந்த கேனான் ஆர்50 முழு அகலத்தையும் 6கேயில் படித்து 4கே 30 ஃபிரேம் வரை தருகிறது. பெட்டியில் இரண்டுக்கும் ஒரே 4கே.

மூன்றாவது, வரிகளை விட்டுவிட்டுப் படிப்பது. மோசமான வழி. இது எங்கே காட்டிக்கொடுக்கும் என்றால் பட்டுப்புடவையின் ஜரிகைக் கரையிலும், மாமாவின் கட்டம் போட்ட சட்டையிலும், மேடைக்குப் பின்னால் வைக்கும் எல்இடி வாலிலும். நெருக்கமான கோடுகள் மேல் வானவில் நிறத்தில் அலைகள் நெளியும். முவாரே என்பது இதைத்தான். எடிட்டிங்கில் இதைச் சுத்தமாக நீக்க வழியில்லை. பதிவாகும்போதே விவரத்துடன் கலந்துவிடுகிறது. பல கேமராக்கள் 4கே 25 ஃபிரேமில் முழுதாகப் படித்துவிட்டு, 50, 60 ஃபிரேமுக்கோ 1080பி 100, 120 ஃபிரேமுக்கோ போகும்போது கிராப் செய்யும் அல்லது வரிகளை விடும். ஸ்லோமோஷனில் புடவைக் கரை நெளிவதற்கு இதுவே காரணம்.

நம் ஊருக்கு மிகவும் பயன்படும் ஒரு செட்டிங் இதோடு சேர்ந்தது. சோனி ஏ6400, இசட்வி-இ10 இரண்டும் 4கே 24, 25 ஃபிரேமில் முழு அகலத்தைப் படிக்கும். 30 ஃபிரேம் போட்டால் 1.23 மடங்கு கிராப் ஆகும். 16 மி.மீ. லென்ஸ் 24 மி.மீ. போலத் தெரிவதற்குப் பதில் கிட்டத்தட்ட 30 மி.மீ. போலத் தெரியும், கையில் பிடித்துத் தன் முகத்தை எடுப்பவருக்கு முகமே ஃபிரேமை அடைத்துக்கொள்ளும். மெனுவில் என்டிஎஸ்சி / பால் (NTSC / PAL, இரண்டு டிவி முறைகள்) என்ற இடத்துக்குப் போய் PAL-க்கு மாற்றி 25 ஃபிரேம் வையுங்கள், ஷட்டர் 1/50. கிராப் போய்விடும். நம் மின்சாரம் 50 ஹெர்ட்ஸ் என்பதால் ட்யூப்லைட், மலிவான எல்இடி பல்புகளின் துடிப்பும் பெருமளவு அடங்கும். நிகழ்ச்சி நடக்கும்போது மாற்றாதீர்கள். மாற்றிய பிறகு கார்டை மறுபடி ஃபார்மட் செய்யச் சொல்லும், உள்ளே இருப்பது அழிந்துவிடும்.

அடுத்து பிட்ரேட். ஒரு நொடிப் படத்தைப் பதிய கேமரா எவ்வளவு டேட்டா செலவிடுகிறது என்பது. நல்ல மிரர்லெஸ் கேமராவில் 4கே 25 ஃபிரேமுக்கு 100 எம்பிபிஎஸ் என்றால் ஒரு புள்ளிக்குக் கிட்டத்தட்ட அரை பிட் விழுகிறது. 4கே என்று விற்கும் மலிவு ஆக்‌ஷன் கேமரா 30 எம்பிபிஎஸில் பதிந்தால் அதில் மூன்றில் ஒரு பங்குகூட இல்லை. கேமரா அசையாமல் இருக்கும்வரை தெரியாது. பேன் செய்ததும் (பக்கவாட்டில் திருப்பியதும்) மண்டபத்துத் தோரணமும் பூவும் கூழாகிவிடும். சில ஆக்‌ஷன் கேமராக்களில் 4கே என்பதே 1080பி படத்தை இழுத்துப் பெரிதாக்கியதுதான். விவரத்தாளில் இன்டர்போலேட்டட் என்ற சொல் எங்காவது சிறிய எழுத்தில் இருந்தால் வைத்துவிட்டு வந்துவிடுங்கள்.

8-பிட், 10-பிட் என்பதும் ரெசல்யூஷனைவிட அதிகம் பேசும். 8-பிட்டில் ஒவ்வொரு நிறத்துக்கும் 256 படிகள், 10-பிட்டில் 1024. அப்படியே எடுத்து அப்படியே கொடுப்பதென்றால் 8-பிட் போதும். லாக் புரொஃபைலில் (பிறகு நிறம் திருத்துவதற்காக வெளிறிய படமாகப் பதியும் முறை) எடுத்துக் கலர் செய்வீர்கள் என்றால் 8-பிட் கிழிந்துவிடும். மாலை வானத்திலும் ஒற்றை நிறச் சுவரிலும் பட்டைபட்டையாக விழும். 8-பிட் கேமராவில் சோனியின் லாக் முறையான எஸ்-லாக்3 வேண்டவே வேண்டாம். இந்த ஒரு விஷயத்துக்காகப் பட்ஜெட்டைக் கொஞ்சம் நீட்டலாம்: 2024-ல் வந்த இசட்வி-இ10 2, அதே 4கேயை 10-பிட்டில், நிற விவரத்தைக் கூடுதலாகச் சேமிக்கும் 4:2:2-இல், 60 ஃபிரேம் வரை தருகிறது, பேட்டரியும் பெரிது. அதே பணத்தை 6கே, 8கேக்குக் கொடுப்பதைவிட இது எவ்வளவோ மேல்.

4:2:0 என்று எழுதியிருந்தால் நிற விவரம் கால் பங்குதான் சேமிக்கப்படுகிறது. 4கே படத்தில் நிறத்தின் உண்மையான அளவு 1920 × 1080. ஆகவே 4:2:0 4கேயில் எடுத்து 1080பியாகச் சுருக்கிக் கொடுத்தால் ஒவ்வொரு புள்ளிக்கும் முழு நிறம் கிடைத்துவிடும். கேமராவின் நேரடி 1080பியைவிடச் சுருக்கிய 1080பி அழகாக இருப்பதற்கு இது பெரிய காரணம். வாடிக்கையாளர் பென்டிரைவில் 1080பி கேட்டாலும் 4கேயிலேயே எடுங்கள்.

புள்ளி கூடினால் சென்சாரை மேலிருந்து கீழே படித்து முடிக்க நேரம் ஆகும். ஏ6400, இசட்வி-இ10 போன்றவை 4கேயில் ஒரு ஃபிரேம் படிக்க ஏறத்தாழ 1/30 நொடி எடுக்கின்றன. வேகமாகப் பேன் செய்தால் தூண்கள் சாய்ந்து தெரிவது இதனால்தான். கல்யாணத்தில் இதைவிடத் தொல்லை வேறொன்று: பக்கத்தில் நிற்கும் புகைப்படக்காரரின் ஃபிளாஷ் நொடியில் மிகச் சிறிய பங்கே எரிகிறது, அதற்குள் சென்சாரின் ஒரு பகுதிதான் படிக்கப்பட்டிருக்கும். ஃபிரேமின் மேல்பாதி வெளுத்தும் கீழ்ப்பாதி சாதாரணமாகவும் பதியும். மெதுவாகப் படிக்கும் சென்சாரில் இது அடிக்கடி வரும். அதே தலைமுறை சென்சாரில் 8கே படிக்கச் சொன்னால் நிலைமை மோசமாகுமே தவிர மேம்படாது.

சூடு இன்னொன்று. 2020-ல் வந்த கேனான் ஆர்5-க்கு, 23 டிகிரி செல்சியஸில் 8கே 20 நிமிடம் என்று கேனானே வரம்பு அறிவித்தது. சித்திரை மாதம் வெயிலில் நடக்கும் ஊர்வலத்தை நினைத்துப் பாருங்கள். 4கே கேமராக்களும் சூடாகும். சோனியில் ‘ஆட்டோ பவர் ஆஃப் டெம்ப்’ என்பதை ‘ஹை’ என்று வையுங்கள், திரையை உடலிலிருந்து விலக்கித் திறந்து வையுங்கள், நீண்ட நேரம் ஒரே இடத்தில் நிற்கும் கேமராவுக்குக் குடை நிழலாவது கொடுங்கள். பழைய கேமரா வாங்கினால் 29 நிமிடம் 59 நொடியில் பதிவு தானே நின்றுவிடும் மாடலா என்றும் பாருங்கள். முகூர்த்தம் அந்த 30-வது நிமிடத்தில்தான் வரும்.

சேமிப்புக் கணக்கு சுருக்கமாக: 100 எம்பிபிஎஸ் என்றால் நிமிடத்துக்கு 750 எம்பி (மெகாபைட்; 8 மெகாபிட் சேர்ந்தது ஒரு மெகாபைட்), மணிக்கு 45 ஜிபி. ஐந்து மணி நேரம் ஓடினால் 225 ஜிபி, இன்னொரு ஹார்ட் டிஸ்கில் நகல் வைத்தால் 450. ஆர்5-இன் 8கே ராவோ (RAW, சென்சார் தரும் மூலப் பதிவு) 2600 எம்பிபிஎஸ். மணிக்கு 1,170 ஜிபி. 100 எம்பிபிஎஸுக்கு வி30 கார்டு போதும். அது நொடிக்கு 30 எம்பி, அதாவது 240 எம்பிபிஎஸ் வரை உறுதியாகத் தாங்கும். கார்டில் பெரிதாக அச்சிட்ட 170, 200 என்பவை படிக்கும் வேகம், பதியும் வேகம் அல்ல.

கணினியில் 4கே திணறினால் கேமராவைக் குறை சொல்லாமல் புராக்ஸி (எடிட்டிங்குக்கு மட்டும் சிறிய நகல்) செய்யுங்கள். எடிட்டிங் மென்பொருளான டாவின்சி ரிசால்வில் புராஜெக்ட் செட்டிங்ஸில் புராக்ஸி அளவைப் பாதி அல்லது கால் என்று வைத்து, மீடியா பூலில் கிளிப்புகளைத் தேர்ந்து ரைட் கிளிக் செய்தால் ‘ஜெனரேட் புராக்ஸி மீடியா’ வரும். வெட்டி முடித்து எக்ஸ்போர்ட் செய்யும்போது அசல் கோப்பு பயன்படும்படி பார்த்துக்கொள்ளுங்கள். இலவசப் பதிப்பு 3840 × 2160 வரைதான் எக்ஸ்போர்ட் செய்யும். 8கேயாகவே எக்ஸ்போர்ட் செய்ய வேண்டுமானால் அந்த மென்பொருளுக்கும் பணம் கட்ட வேண்டும்.

மிச்சப்படுத்திய பணத்தை லென்ஸில் போடுங்கள். கிட் லென்ஸ் ஜூம் செய்தால் எஃப்/5.6 (எண் சிறிதானால் வெளிச்சம் அதிகம் நுழையும்). அந்த நிலையில் மண்டபத்து வெளிச்சத்துக்கு ஐஎஸ்ஓ (சென்சாரின் வெளிச்ச உணர்திறன்; கூடினால் படத்தில் புள்ளிகள் பொரியும்) 6400 தேவைப்பட்டால், எஃப்/1.4 லென்ஸில் அதே வெளிச்சத்துக்கு ஐஎஸ்ஓ 400 போதும். ஃபோகஸ் தவறாமலிருக்க எஃப்/2 வைத்தாலும் 800-தான். ஐஎஸ்ஓ 6400-இல் பொரிந்துபோன 8கேயைவிட ஐஎஸ்ஓ 800-இல் எடுத்த 1080பி கூர்மையாகத் தெரியும். சிக்மாவின் 16 மி.மீ., 30 மி.மீ. எஃப்/1.4 லென்ஸ்கள் இதற்கென்றே பலரிடம் இருப்பவை. வெளியில் வெயிலில் 1/50 ஷட்டரில் எஃப்/2.8 வைக்க வேண்டுமானால் ஆறு ஸ்டாப் (ஒவ்வொரு ஸ்டாப்பும் பாதியாக்கும்) வெளிச்சத்தைக் குறைக்க வேண்டும். அதற்கு லென்ஸ் முன் மாட்டும் கறுப்புக் கண்ணாடியான என்டி ஃபில்டர் ஒன்றும் வாங்குங்கள். மைக்குக்கும் ஒதுக்குங்கள். கேமராவில் மைக் ஜாக் இருந்தால் மட்டும் போதாது. ஹெட்ஃபோன் ஜாக்கும் இருந்தால் நாதஸ்வரத்தில் ஒலி பிளந்துபோவது அங்கேயே தெரியும். இசட்வி-இ10-இல் இரண்டும் உண்டு, ஏ6400-இலும் ஆர்50-இலும் ஹெட்ஃபோன் ஜாக் கிடையாது.

8கே யாருக்குத்தான் வேண்டும்? வீடியோவிலிருந்தே 33 மெகாபிக்சல் ஸ்டில் எடுத்து அச்சிடுபவர், கிராஃபிக்ஸுக்குப் புட்டேஜ் கொடுப்பவர், தொலைவில் இருக்கும் பறவையை எடிட்டில் நெருக்கமாகக் காட்ட விரும்புபவர். ஒரே கேமராவை மேடை எதிரில் நிறுத்திவிட்டு அதிலிருந்து மூன்று ஃபிரேம் வெட்டி எடுக்கும் மேடை நிகழ்ச்சிக்காரருக்கும் பயன்படும். உங்கள் வேலைப் பட்டியலில் இவை இல்லை.

கடைக்குப் போகும்போது சொந்த வி30 கார்டு ஒன்று கொண்டுபோங்கள். கிட் லென்ஸில் ஒரே இடத்திலிருந்து 1080பி, 4கே 25, 4கே 50 மூன்றையும் பத்துப் பத்து நொடி பதியுங்கள். ஃபிரேம் ஓரங்கள் உள்ளே நகர்ந்தால் கிராப். கடையில் மெல்லிய கோடு போட்ட சட்டை அணிந்தவர் யாராவது இருப்பார், அவரை முழு உருவமாக எடுங்கள். கதவு நிலையை வேகமாகப் பேன் செய்து சாய்கிறதா என்று பாருங்கள். விளக்கு குறைந்த மூலையில் ஐஎஸ்ஓ 3200-இலும் 6400-இலும் ஒரு முகம். முடிவைக் கேமராவின் சின்னத் திரையில் பார்த்துத் தீர்மானிக்காதீர்கள், அதில் எல்லாமே நன்றாகத் தெரியும். வீட்டுக் கணினியில் 100 சதவீத அளவில் பாருங்கள். கடைக்காரர் கார்டு போட விடவில்லை என்றால் அதே மாடலை ஒருநாள் வாடகைக்கு எடுத்து இதையே செய்யலாம். அப்போது வாடகைக்காரர் கூடவே நீட்டும் விலையுயர்ந்த லென்ஸை வாங்கிக்கொள்ளாமல், நீங்கள் வாங்கப் போகும் லென்ஸையே கேட்டு வாங்குங்கள்.